சுவரில் வாசிக்கிறவர்கள்

ஆர்டீலியா மின்ஸ் தன் தம்பியோடு கடைசியாகச் சண்டை போட்டது ஊர் பார்க்க, இசைக்காரர் மன்றத்தின் பெரிய சுவருக்கு முன்னால்.

கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில் வாத்தியம் தூக்குகிற எல்லோரும் மதியத்துக்குமேல் அந்த மன்றத்தில்தான் கிடப்பார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் வம்பு, எந்த ஊர்க் குழுவுக்கு எந்த வாத்தியத்துக்கு ஆள் தேவை என்ற விசாரிப்பு. மூலையில் ஒரு பழைய பியானோ. கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற சுவர் மட்டும் வருஷக்கணக்காக வெறுமனே கிடந்தது. மன்றத்தின் வெள்ளிவிழாவுக்கு அதில் ஒரு படம் எழுதிவிட வேண்டும் என்று தலைவர் ஃபான்ட்ராய்க்கு ஆசை வந்தது. அவர் பெரிய உருவம். ஆள் உயரத்துக்கு நிற்கும் பாஸ் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு வாசிக்கிறவர். மன்றத்தை ஆரம்பித்தவர்கள் எல்லோரும் படத்தில் இருக்க வேண்டும், தானே மையத்தில் இருக்க வேண்டும், முகங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லி ஆர்டீலியாவை அழைத்துவந்தார்.

ஆர்டீலியா காலையில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பாள், மதியத்தில் தன் படங்களை வரைவாள். நாற்பதைத் தொட்ட பெண், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிலடெல்பியாவில் முறையாகப் படித்தவள். முதலில் முகம், பிறகு கை, மற்றதெல்லாம் அப்புறம் என்று அங்கே சொல்லிக்கொடுத்ததை வேதம்போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் அவள் பிறந்து வளர்ந்தது சத்தத்தின் நடுவில். சின்ன வயதில் வீட்டில் சனிக்கிழமை விருந்து நடக்கும். பியானோ அடிக்கிற அடியில் சுவர் அதிர, வந்தவர்கள் கழற்றிப்போட்ட கோட்டுக் குவியலின் மேல் அவளையும் தம்பியையும் படுக்கப்போட்டு விடுவார்கள். தம்பி கார்டெல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே போய், நீளக் குழாயைத் தள்ளி இழுத்து ஊதுகிற ட்ராம்போன்காரனாகிவிட்டான். அவள் தூரிகையை எடுத்தாள். இசை ஒரு அறை, ஓவியம் இன்னொரு அறை, நடுவில் கதவு சாத்தியிருக்கிறது என்பதுபோலவே அவள் இத்தனை காலமும் நடந்துகொண்டாள்.

சுவரில் படம் நன்றாகத்தான் வளர்ந்தது. பதினோரு பேர், ஒவ்வொருவர் சாயலும் அச்சு அசல். கோட்டுப் பொத்தான் மின்னும். பின்னால் சிவப்புத் திரைச்சீலை, மடிப்பு மடிப்பாக. பார்க்கிறவர்கள் "அடேயப்பா" என்பார்கள். சொல்லிவிட்டுச் சீட்டாட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பியானோக்காரி வில்லா டீன் மட்டும் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, "எல்லாம் சரிதான் மிஸ் ஆர்டீலியா. ஆனா இதுல யாரும் வாசிக்கலையே," என்றாள். ஆர்டீலியா கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

அன்றைக்குக் கார்டெல் பெட்டியும் ட்ராம்போனுமாக வந்தான். அவனுடைய குழு தெற்கே சுற்றுப்பயணம் புறப்படுகிறது. பஸ் வாசலில் நிற்கிறது. அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவன் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"ஏன்க்கா எல்லாரும் பல் டாக்டர் வீட்டு வாசல்ல உக்காந்திருக்க மாதிரி இருக்காங்க?"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

"உனக்கு ஊதத் தெரியும், அதோட நிறுத்திக்க," என்றாள் ஏணியிலிருந்தபடியே. "உன் சத்தமும் எனக்கு வேண்டாம், உன் யோசனையும் வேண்டாம். போய்த் தொலை."

அவன் வழக்கமாக ஒன்றுக்கு நாலு சொல்கிறவன். அன்றைக்குத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அப்புறம் ஒரு புதன்கிழமைப் பத்திரிகையில், உள்பக்கத்தில், விரற்கடை அளவுக்கு ஒரு செய்தி வந்தது. ஜார்ஜியாவில் மழையில் ஒரு பஸ் கவிழ்ந்தது, நீக்ரோ இசைக்குழு ஒன்று அதில் இருந்தது, பலர் இறந்தனர். பெயர் இல்லை. கார்டெலின் குழு அந்த வாரம் ஜார்ஜியாவில்தான் இருந்தாக வேண்டும். எந்த ஊர் என்பது கூட இல்லை. எத்தனை பேர், யார் யார் என்று எழுத வேண்டும் என்று எழுதியவனுக்குத் தோன்றவில்லை.

மன்றத்தில் தொலைபேசி இருந்தது. ஃபான்ட்ராய் தெரிந்த இடத்துக்கெல்லாம் கூப்பிட்டார். குழு அடுத்துப் போய்ச் சேர வேண்டிய நடனக்கூடத்தில், "அவங்க வரலை" என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பக்கத்து மருத்துவமனையில், கறுப்பர் யாரையும் தாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். சேர்த்துக்கொள்ளாதவர்களை எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று கேட்க மறுபடி கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை.

ஆர்டீலியா பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. மணி அடித்தால் கேட்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று மன்றத்துக்கே வந்து உட்கார்ந்தாள். எதிரே சுவர். கை சும்மா இருக்கமாட்டாமல் சின்னத் தூரிகையை எடுத்து யாரோ ஒருவருடைய கோட்டுப் பொத்தானுக்கு ஒளி வைத்தாள். காய்ந்ததும் அதே பொத்தானுக்கு மறுபடி வைத்தாள். வில்லா டீன் கோழிச்சாறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்திருப்பாள். சீட்டாட்டம் நின்றுபோயிற்று. பியானோவை யாரும் தொடவில்லை. வருகிறவர்கள் சாவுவீட்டுக்கு வருவதுபோலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைந்தார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. "தொப்பியைப் போட்டுக்குங்க, இன்னும் ஒண்ணும் தெரியாது," என்று ஒரு சாக்ஸபோன்காரரிடம் அதட்டிவிட்டாள். அவர் உடனே போட்டுக்கொண்டார்.

'போய்த் தொலை' என்ற வார்த்தை அவள் வாயிலேயே கிடந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டுக் கூட்டம் வந்திருந்த நேரம். மணி அடித்தது. ஃபான்ட்ராய் எடுத்தார். "யாரு? சத்தமா பேசு. கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு. யாரு?" என்றவர் அப்படியே நின்றார். அவருடைய பெரிய முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கருவியை அவள் பக்கம் நீட்டினார்.

"அக்கா," என்றது குரல்.

"யாரு?"

"நான்தான். என்னை மாதிரி மூக்கால பேசுறதுக்கு வேற எவன் இருக்கான்?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும்?" என்றாள்.

"எல்லாரும் இருக்கோம்க்கா. யாரும் சாகலை. டிரைவருக்கு விலா உடைஞ்சிருக்கு, பாடுற பொண்ணுக்கு நெத்தியில தையல். பேப்பர்ல செத்துட்டோம்னு போட்டிருந்தானாமே? வந்து எட்டிக்கூடப் பாக்கலை அவன். இங்க நம்மாளு ஒரு டாக்டர் இருக்கார், அவர் வீட்டுக் கூடத்துலதான் எல்லாரும் வரிசையா கிடக்கோம். மழையில கம்பியெல்லாம் அறுந்து கிடந்துச்சு. இன்னைக்குத்தான் போன் இருக்கிற ஊருக்கு என்னை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாங்க."

"நீ? உனக்கு என்ன?"

"கைதான். வலது கை." சட்டென்று பேச்சை மாற்றினான். "சாப்பாடு பிரமாதமா இருக்கு. டாக்டர் சம்சாரம் சோளரொட்டி சுடுறாங்க பாரு, உன்னால ஜென்மத்துக்கும் முடியாது."

"முடியாதுதான்," என்றாள் அவள். "முடியாதுடா." அவனிடம் எதையும் இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டதே இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் உயிரோட இருக்காங்க," என்றாள். ஒருத்தர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். யாரோ மூக்கை உறிஞ்சினார். வில்லா டீன் எழுந்துபோய், நாலைந்து நாளாக மூடிக்கிடந்த பியானோவைத் திறந்தாள்.

இன்ன பாட்டு என்று இல்லை. இடது கையால் ஒரு மெதுவான நடையை ஆரம்பித்தாள், ப்ளூஸ் நடை, களைத்துப்போனவர் வீடு திரும்புகிற மாதிரி. வலது கை சும்மா இருந்தது. எல்லோரும் அந்தக் கைக்காகக் காத்திருந்தார்கள். வர வேண்டிய இடத்தில் வரவில்லை. போய்விட்டது என்று நினைத்த பிறகு வந்தது. வந்ததும் கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். சாக்ஸபோன்காரர் தொப்பியோடேயே வாத்தியத்தை எடுத்தார். வாத்தியம் கொண்டுவராதவர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

ஆர்டீலியா எப்போது ஏணியில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. திரைச்சீலைக்கு வைத்திருந்த பட்டையான தூரிகை கையில் வந்தது. பக்கத்தில் மஞ்சள் கலந்து வைத்த கிண்ணம். முக்கி எடுத்து இடது ஓரத்திலிருந்து ஓர் இழுப்பு இழுத்தாள். ட்ராம்போன் குழாய் நீள்வதுபோல அந்தக் கோடு நீண்டுகொண்டே போனது. ஏணியை நகர்த்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுத்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. வில்லா டீனின் வலது கை நின்றபோது இவள் கையும் நின்றது. அது தாவியபோது இவளும் ஏணியில் எட்டி இன்னோர் இடத்தில் ஒரு வீச்சு வைத்தாள். கோடு யார் மேல் போகிறது என்று அவள் பார்க்கவில்லை.

வாத்தியங்கள் ஓய்ந்தபோது அத்தனை கண்களும் சுவர் மேல் இருந்தன. ஃபான்ட்ராய் மெல்ல நடந்து வந்தார். படத்தின் நடுவில், பாஸ் வாத்தியத்துக்கு மேலே, அவருடைய முகம் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"மிஸ் ஆர்டீலியா," என்றார், "என் மூக்கு எங்க?"

அவள் அப்போதுதான் கீழே இறங்கிப் பார்த்தாள். தலைவரின் மூக்கும் வாயும் மஞ்சளுக்குள் போயிருந்தன. இன்னும் நாலு பேருக்குக் கண் இல்லை. மூன்று மாத வேலை. வருத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உள்ளே ஒரு பெரிய பாரம் இறங்கிப் போன இடம் மட்டும் காலியாக, காற்றோட்டமாக இருந்தது.

"திருப்பி வெச்சுத் தர்றேன் மிஸ்டர் ஃபான்ட்ராய்."

"இன்னைக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நீங்க என் மூஞ்சி மேல வீடே கட்டினாலும் சரி. ஆனா விழாவுக்குள்ள மூக்கு வந்தாகணும்."

மறுநாள் முகத்துக்கான பழுப்பைக் கலந்துகொண்டு ஏணியில் ஏறினாள். கை நகரவில்லை. இறங்கி, கூடத்தின் எதிர்மூலைக்குப் போய் நின்று பார்த்தாள். மஞ்சள் விழுந்த இடத்தில் மட்டும் படம் நடமாடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த ட்ரம்ஸ்காரர் ஒருவர் திடீரென்று குச்சியை இறக்கப்போகிறவர் மாதிரி இருந்தார். மஞ்சள் படாத இடத்தில் இருந்தவர்கள் பல் டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். தம்பி சொன்னது சரி. வில்லா டீன் சொன்னதும் சரி.

என்ன குறை என்று இப்போது புரிந்தது. குறை என்று எதுவுமே இல்லை, அதுதான் கோளாறு. ஓர் அங்குலம்கூட விடாமல் நிரப்பி வைத்திருந்தாள். வில்லா டீன் வலது கையை நிறுத்தி வைத்தபோது கூடமே முன்னால் சாய்ந்ததே, அப்படிச் சாய்வதற்கு இந்தப் படத்தில் இடமே கிடையாது.

அன்றைக்கே சிவப்புத் திரைச்சீலையை அழித்தாள். மடிப்புகள் போய், சுவரின் சொந்த மண்நிறம் வந்தது. பொத்தான்கள் போயின. அத்தனை பேரையும் தாங்கி நிற்க ஒரு கறுப்புக் கோட்டை அடியில் ஓட்டினாள், இடது கையின் நடைபோல. ட்ரம்ஸ்காரரின் முழங்காலில் ஒரு நீலம் வைத்தாள். அந்த நீலம் மறுபடி வர வேண்டும், எங்கே? கண் எதிர்பார்க்கிற இடம் பக்கத்து ஆளின் தோள். அங்கே வைக்கவில்லை. கண் தேடித் தேடி அலுத்துப்போகிற தூரத்தில், பியானோவின் கால் பக்கமாக, கொஞ்சம் சாய்த்து வைத்தாள். மூன்றாவதாகச் சுவரின் கடைக்கோடியில். பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. முகங்களை இரண்டு மூன்று தட்டையான வண்ணத் துண்டுகளாக வெட்டினாள். முகத்தில் இருந்ததையெல்லாம் தோளிலும் இடுப்பிலும் முழங்கையிலும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மதியங்களில் மன்றத்தில் யார் வந்து வாசித்தாலும் இப்போது அவள் வேலையை நிறுத்துவதில்லை. முன்பெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள்.

படத்தின் முன்னால் பழைய படுக்கை விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஃபான்ட்ராய் தினமும் வந்து விரிப்புக்கு வெளியே நின்று, "மூக்கு வந்துருச்சா?" என்பார். "வேலை நடக்குது," என்பாள் அவள் உள்ளேயிருந்து.

கார்டெல் ரயிலில் வந்திறங்கினான். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கட்டு. முழங்கை மடங்கியபடி, எதையோ இடுக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி இருந்தான். மெலிந்திருந்தான். ஆர்டீலியா ஓடிப்போய், எங்கே கட்டிக்கொள்வது என்று தெரியாமல் அவன் இடது காதைப் பிடித்துக்கொண்டாள்.

"காதை விடுக்கா. அது ஒண்ணுதான் உடையாம வந்திருக்கு."

"நான் அன்னைக்குச் சொன்னது..."

"என்ன சொன்ன? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. பஸ் கவுந்ததுல தலையில அடி," என்றான் அவன். பிறகு பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.

மறுநாள் அவனை மன்றத்துக்குக் கூட்டிப்போய் விரிப்பை விலக்கிக் காட்டினாள். அவன் வெகுநேரம் நின்றான். இடது கையை நீட்டி, தொடாமல், மஞ்சள் கோட்டின் வழியே காற்றில் கொண்டுபோனான்.

"எப்படிடா இருக்கு?"

"நான் வாயைத் திறக்க மாட்டேன். போன தடவை ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஜார்ஜியாவுல கவுத்துட்ட."

"டேய்."

"இப்ப ஒருத்தனும் டாக்டருக்காகக் காத்துக்கிட்டு இல்லை," என்றான். சிரிக்காமல் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் குழாய் நீளத்துக்கு எவனுக்கும் கை கிடையாதுக்கா," என்றான்.

"அளவு பாத்து வரையலை."

அவன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். அப்போதுதான் அவனாக விஷயத்தைச் சொன்னான். எலும்பு கூடிவிடும், ஆனால் முழங்கை பழையபடி நீளுமா என்று சொல்ல முடியாது என்றாராம் அந்த டாக்டர். ட்ராம்போனில் குழாயை முழுக்கத் தள்ளினால்தான் கிடைக்கிற அடி சுரங்கள் உண்டு. கை கடைசிவரை நீளாவிட்டால் அவை கிடையாது. பாதி வாத்தியக்காரனை எந்தக் குழுவும் வைத்துக்கொள்ளாது.

"சொல்லியிருக்க வேண்டாமா போன்லயே?"

"சோளரொட்டியைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல."

அவள் தூரிகையை எடுத்து வேலையைத் தொடர்ந்தாள். அவன் அங்கேயே உட்கார்ந்து, வாயாலேயே தன் பங்கை முனகிக்கொண்டிருந்தான். விழா வரைக்கும் அப்படியே போயிற்று: அவள் மேலே, அவன் கீழே.

வெள்ளிவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. நீள மேஜைகளில் பன்றிக்கறி வறுவலும் கீரையும் கோழியும் பரப்பியிருந்தார்கள். ஆண்கள் கோயிலுக்குப் போட்ட உடையோடும் பெண்கள் பெரிய தொப்பிகளோடும் வந்திருந்தார்கள். ஃபான்ட்ராய் புதிதாகத் தைத்த பழுப்பு நிறக் கோட்டில், மனைவி இமோஜினைக் கைபிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். கார்டெல் இடது கையால் கயிற்றை இழுக்க, விரிப்புகள் விழுந்தன.

தட்டில் முள்கரண்டி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒருவர், பாட்டு நடுவில் பாராட்டுகிற மாதிரி, "ம்ம்... அப்படித்தான்," என்று தாழ்வாகச் சொன்னார்.

வில்லா டீன், "என்னைத் தேட வேண்டியதே இல்லை. அந்த முதுகு என்னுதுதான்," என்றாள்.

ஃபான்ட்ராய் எழுந்து நடுவே வந்து நின்றார். பாஸ் இருந்தது. அதற்குப் பின்னால் மலைபோல ஒரு பழுப்பு உருவம், வாத்தியத்தின் மேல் சரிந்தபடி. முகம் என்று இரண்டு வண்ணத் துண்டு. நடுவில் வெறும் சுவர்.

"மிஸ் ஆர்டீலியா," என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "நாம பேசினது இது இல்லை."

"இல்லைதான்," என்றாள் அவள். "திருப்பி வைக்கத்தான் ஏறினேன். முடியலை. வெச்சா படம் செத்துப்போயிடும்."

இமோஜின் அம்மாள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தாள். இன்னும் கிட்டே போனாள்.

"இது நீங்கதானே மிஸ்டர் ஃபான்ட்ராய்?"

"என்னத்தைக் கண்டு நான்ங்கிற? மூஞ்சியே இல்லையே."

"மூஞ்சியைப் பாத்தா உங்களைக் கட்டிக்கிட்டேன்? கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க அந்தப் பெட்டியைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். பாட்டு சூடு புடிக்கும்போது இடது தோள் இப்படித்தான் ஏறும். வயித்துவலிக்காரன் மாதிரி. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேட்டாத்தானே." அவள் சுவரின் பழுப்புத் தோளை ஒருதரம் தடவினாள். "யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு?" என்று ஆர்டீலியாவைக் கேட்டாள்.

"யாரும் சொல்லலைம்மா. அவர் வாசிக்கும்போது பாத்தேன்."

கூடம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. ஃபான்ட்ராய் தன் இடது தோளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார். அறியாமலே தோளைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று; அவராலும் அடக்க முடியவில்லை.

"ஒரு சின்ன மூக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"மூக்கு உங்க மூஞ்சியில இருக்கு. போதும். வந்து சாப்பிடுங்க," என்று இமோஜின் அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆர்டீலியா கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ தட்டில் கீரையும் கறியும் வைத்துக் கையில் கொடுத்தார்கள். என்ன ருசி என்று தெரியாமலே அத்தனையும் தின்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு ஆரம்பமாயிற்று. வாசிக்கிறவர்கள் அவ்வப்போது சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள், கூட வாசிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி.

அடுத்த வாரம் கார்டெலின் கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்த கை வேறு யாருடையதோ போல இருந்தது, சுள்ளியாக, தோல் வறண்டு. ட்ராம்போனை எடுத்துத் தள்ளினான். குழாய் முக்கால்வாசி போனது, முழங்கை நின்றுவிட்டது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டான். மன்றத்தில் வாசிக்கப் போனால் வில்லா டீன் ஒன்றும் சொல்லாமல் சுருதியை மாற்றிக்கொள்வாள், அவன் கைக்கு எட்டுகிற சுரங்களாக வருகிறபடி. அவனுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கையில் பாரம் தூக்கித் தொங்கவிட்டு நடந்தால் முழங்கை இளகும் என்று ஹார்லெம் டாக்டர் சொன்னார். ஆர்டீலியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வீடு நாலாவது மாடி. தண்ணீர் வாளி, சாய டப்பா, உருளைக்கிழங்கு மூட்டை, எல்லாம் அவன் வலது கையில்தான் ஏறும்.

"தம்பியா, கழுதையா நான்?"

"இப்போதைக்கு ரெண்டும்தான். மடக்காம தூக்கு."

வெயில் காலம் வந்துவிட்டது. ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. ஆர்டீலியா வீட்டில் படம் எழுதுவதற்கான ஒரு புதுச் சீலையைச் சட்டத்தில் ஆணியடித்து நிறுத்தி, வெறுமையாக எவ்வளவு விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவன் பழகிக்கொண்டிருந்தான், கைக்கு எட்டுகிற அதே மேல் சுரங்கள். அவள் காது அதைக் கேட்டும் கேட்காமலும் இருந்தது. திடீரென்று அடியிலிருந்து ஒரு சுரம் வந்தது. தடித்து, கொஞ்சம் கரகரத்து, தரையில் ஊர்ந்து வந்து அவள் பாதத்தில் ஏறியது. குளிர்காலத்துக்குப் பிறகு அதை அவள் கேட்டதில்லை.

சத்தம் நின்றது. அவன் கதவில் வந்து நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை.

"கேட்டியா?"

"என்னத்தை?"

"விளையாடாதக்கா. கேட்டியா இல்லையா?"

"இன்னொரு தடவை ஊது. அப்பத்தான் நம்புவேன்."

அவன் அங்கேயே நின்று குழாயைத் தள்ளினான். கை நீண்டது, முழங்கையில் ஒரு சின்ன வளைவு மிச்சமிருந்தது, விரல் நுனியால் கடைசி அங்குலத்தை எட்டிப்பிடித்தான். சுரம் வந்தது. இந்த முறை விடவில்லை; மூச்சு தீருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றான். கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள். "வீட்டுக்குள்ள கப்பல் விடுறீங்களா?" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

கார்டெல் ஜன்னலில் தலையை நீட்டினான். "மன்னிச்சுக்குங்க அத்தை. என் கை வந்துருச்சு."

கீழ்வீட்டுக்காரியும் ஜன்னலில் தலையை நீட்டினாள். "முழுசாவா?" என்றாள் அவள்.

"முழுசா."

"அப்ப இன்னும் ஒரு தடவை ஊதிக்க. அதுக்கப்புறம் நான் தூங்கணும்."

ஆர்டீலியா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிய நேரமாயிற்று. அவன் மூன்றாம் தடவை ஊதினான். பிறகு வாத்தியத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, முனைக் கடையில் பொரித்த மீன் வாங்கிவர இறங்கிப்போனான். போகும்போது, பழக்கத்தில், காலி வாளியையும் வலது கையில் எடுத்துக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். கூப்பிட்டுச் சொல்லவில்லை.